நர்ஸ்கள் ஏன் பொம்மையோடு பயிற்சி செய்கிறார்கள்? ஒரு சிறு வரலாறு



மே 5 உலக மருத்துவச்சிகள் தினம். மே 12 உலக செவிலியர் தினம். இரண்டுக்கும் நடுவில் வரும் இந்த வாரத்துக்கென்று எழுதி வைத்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். வழக்கம்போல ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

எழுத ஒரு காரணம் உண்டு. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது நர்ஸ்கள் ஆறேழு பேர் ஒரு பொம்மையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் பொம்மைக் குழந்தையின் மூக்கு, வாய் மேல் முகமூடியை வைத்து அழுத்துகிறார். "இருபது வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்கு இப்போ பொம்மை விளையாட்டா?" என்று ஒருவர் கேட்டார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

கேலியை விட்டுவிடுவோம். கேள்வி நியாயமானது. இருபது வருஷ அனுபவம் கற்றுத்தராத எதை ஒரு பொம்மை கற்றுத்தரும்? நான் எடுத்த பாடம் வரலாறு. ஆகவே அந்த வழியாகவே பதிலைத் தேடிப் பார்க்கிறேன்.

முதலில் நம் பாட்டிகள் காலம். பிரசவம் வீட்டில்தான். பல ஊர்களில் மருத்துவர் சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மருத்துவச்சிகளாக இருந்தார்கள். தாயோடும் மாமியாரோடும் கூடவே போய், பார்த்து, தொட்டு, கற்றுக்கொண்டார்கள். வயிற்றில் கை வைத்தே தலை எங்கே, புட்டம் எங்கே என்று சொல்லும் கைகள் அவை. அந்தக் கைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த முறையில் ஒரு எல்லை இருந்தது. அடிக்கடி நடப்பதைத்தான் பார்த்துக் கற்க முடியும். அபூர்வமாக வரும் ஆபத்தை, அது வரும் அன்றைக்கு, அந்தத் தாயின் உடம்பிலேயேதான் முதல் தடவையாகக் கற்க வேண்டியிருந்தது.

உயிருள்ள உடம்பைத் தொடுமுன் வேறொன்றில் கை பழக வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதையில் சூத்திர ஸ்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதைப் பற்றியே பேசுகிறது. வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரி. ரத்தக்குழாயைக் கீறிப் பழக இறந்த விலங்கின் குழாயும் தாமரைத் தண்டும். தைத்துப் பழக தடித்த துணி. கட்டுப்போட்டுப் பழக ஆள் உயரப் பொம்மை. எவ்வளவு நூல் படித்தாலும் இப்படிக் கை பழகாதவன் வேலைக்குத் தகுதியில்லாதவன் என்கிறது அந்த நூல். ஆனால் அது அறுவை வைத்தியம் படிக்கும் சீடர்களுக்குச் சொன்னது. பிரசவம் பார்க்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு பயிற்சி வேண்டும் என்று ஒரு அரசாங்கமே நினைத்ததற்கு வேறு ஒரு நாட்டுக்கும், வேறு ஒரு நூற்றாண்டுக்கும் போக வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். கிராமங்களில் பிரசவத்தில் தாய்மாரும் குழந்தைகளும் ஏராளமாக இறந்தார்கள். ஆஞ்செலிக் து குத்ரே என்ற பெண், பாரிஸில் முறையாகப் பயின்று உரிமம் பெற்ற மருத்துவச்சி. கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவருக்கு முதல் சிக்கலே, அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுதான். புத்தகம் உதவாது. நாள் முழுக்கப் பேசினாலும் மனதில் நிற்காது.

அவர் ஒரு பொம்மை செய்தார். 'இயந்திரம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். துணி, தோல், பஞ்சு கொண்டு தைத்த பெண்ணின் இடுப்புப் பகுதி. உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை, தொப்புள்கொடி, நஞ்சு. வாரையும் கயிறையும் இழுத்தால் பிறப்பு வழி விரியும், சுருங்கும். குழந்தையை எந்த நிலையிலும் வைக்கலாம்: தலை முன்னால், கால் முன்னால், குறுக்கே. பிற்பாடு செய்தவற்றில் நிறம் கலந்த நீரை உறிஞ்சிய பஞ்சுகளை உள்ளே வைத்து, பனிக்குடம் உடைவதையும் ரத்தம் வருவதையும் காட்டினார். ஒவ்வொரு பெண்ணும் தன் கையாலேயே திரும்பத் திரும்பக் குழந்தையைத் திருப்பி எடுத்துப் பழக வேண்டும். தப்பு செய்தால் யாரும் சாகப் போவதில்லை.

1759-ல் மன்னர் பதினைந்தாம் லூயி, நாடு முழுவதும் போய் இதைக் கற்றுக்கொடுக்க அவருக்கு அரசாணை கொடுத்தார். அதே ஆண்டு அவருடைய பாடநூலும் வந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் ஊர் ஊராகப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள். அவரிடம் நேரடியாகப் படித்த பெண்கள் நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரை இருக்கலாம் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ரயில், பஸ் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய இயந்திரங்களில் ஒன்று இன்றும் பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே உண்மையான மனித இடுப்பெலும்பு இருந்தது தெரிந்தது. பொம்மைதான், ஆனால் எலும்பின் அளவில் ஏமாற்று வேலை கிடையாது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மருத்துவமனையின் தொடக்கம் 1844. நம் குடும்பத்திலேயே அங்கு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. 1871-ல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கே பேர். இந்தியாவில் இந்தப் படிப்பின் வரலாற்றை எழுதும் எவரும் சென்னையில்தான் தொடங்க வேண்டும்.

தமிழில் புத்தகமும் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். பிரசவ மருத்துவத்துக்கான ஒரு நூலை 1857-லேயே தமிழில் கொண்டுவந்தார். ஆக, படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் பாடம் இருந்தது. கைக்குத்தான் பாடம் இல்லை.

கை எங்கே பழகியது? இதுதான் வரலாற்றுப் புத்தகங்கள் மெதுவாகக் கடந்து போகும் இடம். மருத்துவப் படிப்பில் ஒரு பழைய வாசகம் உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு. அந்த நடுவிலுள்ள 'ஒன்றைச் செய்' யாருடைய உடம்பில் நடந்தது? லண்டனானாலும், பாரிஸானாலும், சென்னையானாலும் தர்மாஸ்பத்திரிக்கு வந்த ஏழைப் பெண்ணின் உடம்பில். காசுள்ளவர்கள் வீட்டுக்கே டாக்டரை வரவழைத்துக்கொண்டார்கள். மாணவியின் முதல் ஊசி, முதல் பரிசோதனை, முதல் பிரசவம் எல்லாம் இலவசமாக வந்து படுத்தவளுக்கு. அவளிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. நம் மருத்துவ அறிவில் அந்தப் பெயர் தெரியாத பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

சென்னையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆண் டாக்டரிடம் போக மறுத்த பெண்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கிறதே கோஷா ஆஸ்பத்திரி, அது 1885-ல் தொடங்கியது இதற்காகத்தான். அதற்குப் பின்னால் இருந்த மேரி ஷார்லீப் சென்னையில் வாழ்ந்த ஒரு வக்கீலின் மனைவி. எழும்பூரில் பிரசவம் பார்க்கக் கற்று, 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார்.

வேலூர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச்சொல்லி, ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது மருத்துவம் தெரியாது. தெரிந்த அப்பாவையோ, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். படித்து டாக்டராகத் திரும்பிய ஐடா வேலூரில் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் அது கல்லூரியானது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று. டாக்டர் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற பெண்களின் கைகள் நிறைய வேண்டும் என்பதை அவர் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டிருந்தார். 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ், மருத்துவச்சிகளுக்கான பதிவுச் சட்டம் வந்தது. படிப்பு முடிந்து நீங்கள் சாந்தோம் ஹை ரோட்டில் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டீர்களே, அந்தக் கவுன்சிலின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஐடா வேலூரில் பள்ளி தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்காவில் ஒரு சின்னக் காரியம் நடந்தது. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளி முதல்வர், குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்துவந்த மார்த்தா ஜென்கின்ஸ் சேஸ் என்ற பெண்ணிடம், ஆள் உயரத்தில் ஒரு பொம்மை செய்துதரக் கேட்டார். 1911-ல் பொம்மை வந்தது. கை, கால் மடங்கும். தண்ணீர் பட்டால் கெடாது. நோயாளியைப் புரட்டவும், படுக்கையில் குளிப்பாட்டவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும் மாணவிகள் அதில் பழகினார்கள். சில வருஷத்தில் ஊசி போடும் இடமும், டியூப் போட உள்ளே தொட்டியும் வைத்துச் செய்தார்கள். செய்தவரின் பெயராலேயே 'மிசஸ் சேஸ்' என்று அழைத்தார்கள். உலகம் முழுவதும் நர்சிங் பள்ளிகளில் ஒரு மிசஸ் சேஸோ, அவருடைய தங்கையோ வந்து படுத்துக்கொண்டார்கள்.

நம் பள்ளிகளிலும் அந்தப் பரம்பரை உண்டு. பிளஸ் டூவில் தொழிற்பிரிவில் நர்சிங் எடுத்த என் மாணவிகளுக்கும், பிறகு டிப்ளமோ, பி.எஸ்சி. போனவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஊசி போட முதலில் ஆரஞ்சுப் பழம். கட்டுப்போட பக்கத்து பெஞ்சுக்காரி. தேர்வு மேஜையில் ஓர் இடுப்பெலும்பு, ஒரு துணிக் குழந்தை. "தலை எப்படித் திரும்பி வருது, காட்டும்மா" என்பார் எக்ஸாமினர். உங்கள் கை நடுங்கியிருக்கும். து குத்ரேயின் இயந்திரத்துக்கு நீங்கள் வாரிசுகள் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1960-ல் நார்வேயில் அஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மை முதலாளி, மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பழக 'ஆன்' என்ற பொம்மையைச் செய்தார். இன்று முதலுதவி வகுப்புக்குப் போகும் எவரும் மார்பை அழுத்திப் பழகும் பொம்மை அதன் வழி வந்ததுதான். கவனியுங்கள், சேஸும் சரி, லேர்டாலும் சரி, குழந்தைகளுக்குப் பொம்மை செய்தவர்கள். ஆகவே இதைப் பொம்மை விளையாட்டு என்று கேலி செய்தவர் வரலாற்றுப்படி பாதி சரிதான்!

இதுவரை பார்த்தது புதிதாகச் சேரும் மாணவிக்கு ஏன் பொம்மை வேண்டும் என்பது. இருபது வருஷ சர்வீஸ் உள்ளவருக்கு ஏன் என்பதுதான் நம் கேள்வி. அதற்கு ஒரு எளிய கணக்கு போடுவோம்.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்வது: தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54. இந்தியா முழுமைக்கும் 97. நாம் பெருமைப்பட வேண்டிய எண்கள். ஆனால் 54 என்பது பூஜ்யம் இல்லை.

மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 120. குழந்தையின் தலை வெளியே வந்தபின் தோள் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆபத்து நூற்றில் ஒன்று போல வரும். அப்படியென்றால் அந்த இடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை. மூன்று நர்ஸ்கள் ஷிப்ட் மாற்றி வேலை பார்த்தால் ஒருவர் பங்குக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் நடுராத்திரியாக இருக்கலாம். கையில் இருப்பது சில நிமிஷம். அவசரத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் குழந்தையின் கை நரம்பு காயப்பட்டு, ஆயுளுக்கும் கை செயலிழக்கலாம். செய்ய வேண்டியது வேறு: ஆளைக் கூப்பிட வேண்டும், தாயின் இரண்டு முழங்காலையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் அடிவயிற்றில் சரியான இடத்தில் அழுத்த வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவதை எந்த அனுபவம் கற்றுத்தரும்?

என் பதில் இதுதான். ஆபத்து அபூர்வமாக ஆக ஆக, அதை எதிர்கொள்ளும் கை மறந்துபோகிறது. தமிழ்நாடு போல நன்றாக முன்னேறிய இடத்தில்தான் பொம்மை கூடுதலாகத் தேவைப்படுகிறது. விமானம் ஓட்டுகிறவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், எஞ்சின் அணைந்தால் என்ன செய்வது என்பதை தரையில் உட்கார்ந்துதான் மறுபடி மறுபடி பழகுகிறார். அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் ஆஸ்பத்திரியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரசவ வார்டில் இருக்கும் டாக்டர், மருத்துவச்சி எல்லோருக்கும் பொம்மை வைத்துப் பயிற்சி. 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் காயத்தோடு பிறந்த குழந்தைகள் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் இல்லை.

ஆனால் பொம்மை வாங்கி வைத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமாகப் படுவது டான்சானியாவில் ஹேடம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் நடந்தது.

பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி வேண்டியிருக்கும். துடைத்து, முதுகைத் தேய்த்தாலே பலவும் அழுதுவிடும். சிலவற்றுக்கு அம்பு பேக் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். அது முதல் ஒரு நிமிஷத்துக்குள் தொடங்க வேண்டும்; 'பொன்னான நிமிஷம்' என்கிறார்கள். இதைக் கற்றுக்கொடுக்க 2010-ல் 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற எளிய பயிற்சி வந்தது. அதற்கென்றே தண்ணீர் ஊற்றினால் நிஜக் குழந்தையின் கனம் வரும் ஒரு பொம்மை. அழுத்தும் பை மூலம் அழுகை, நாடித்துடிப்பு, மூச்சு எல்லாம் காட்டலாம். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஹேடம் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். பிறகு நிஜப் பிரசவங்களைக் கவனித்தார்கள். லேபர் வார்டில் ஒன்றும் மாறவில்லை! எந்த ஆசிரியருக்கும் பழக்கமான காட்சிதான். தேர்வில் நூற்றுக்கு நூறு, வாழ்க்கையில் பழைய குருடி.

பிறகு வழியை மாற்றினார்கள். பொம்மையை லேபர் வார்டுக்குள்ளேயே வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிஷம், டியூட்டிக்கு நடுவிலேயே பழகிக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு தடவை கொஞ்சம் நீளமான பயிற்சி. அவ்வளவுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். அதே பொம்மை, அதே ஆட்கள், அதே ஆஸ்பத்திரி. மாறியது பழக்கம் மட்டும்.

பக்கத்து மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. கர்நாடகத்தில் பெலகாவியை மையமாக வைத்து 599 பிரசவ ஊழியர்களுக்கு இதே பயிற்சி கொடுத்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தே பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் 3.0 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தார்கள். இதன் பொருளை யோசியுங்கள். முன்பு 'இறந்து பிறந்தது' என்று எழுதி ஓரமாகக் கிடத்தப்பட்ட சில குழந்தைகள் இறந்திருக்கவில்லை. மூச்சைத் தொடங்காமல் இருந்தார்கள், அவ்வளவே. அதே ஆய்வில் பிறந்த முதல் 28 நாள் இறப்பு குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்காது.

தாய்க்கும் ஒரு பொம்மை வந்தது. இதைப் பார்த்தால் நீங்கள் வியப்பீர்கள். இதை மேஜையில் கிடத்துவதில்லை. ஒரு நர்ஸ் தன் வயிற்றில் பையைப் போலக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துக்கொள்வார். உள்ளே குழந்தை, நஞ்சு, சிவப்புத் தண்ணீர். கர்ப்பப்பை இறுகுகிறதா, தளர்கிறதா என்பது அவர் கையில். ரத்தம் எவ்வளவு வரவேண்டும் என்பதும் அவர் கையில். குழந்தை பிறக்கிறது. எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில் ரத்தம் நிற்காமல் வருகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குதான் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் பெரியது. இப்போது நர்ஸ் என்ன செய்கிறார்? ஆளைக் கூப்பிடுகிறாரா, வயிற்றின் மேல் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக்குகிறாரா, ஆக்ஸிடோசின் போட்டாச்சா, டிரிப் ஏறுகிறதா, நஞ்சு முழுதாக வந்ததா, சிறுநீர்ப்பை காலியா?

இந்தப் பயிற்சியில் கை மட்டும் பழகுவதில்லை. வாயும் பழகுகிறது. "ஆக்ஸிடோசின் பத்து யூனிட் போடுங்க" என்று ஒருவர் பெயர் சொல்லிச் சொல்ல, மற்றவர் "பத்து யூனிட் போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நிஜ வாழ்க்கையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஊசியை யாரோ போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இளைய நர்ஸ் ஏதோ சரியில்லை என்று கண்டிருப்பாள். சீனியரிடமோ டாக்டரிடமோ சொல்லத் தயங்குவாள். பெரியவர் முன் வாய் திறக்கக் கூடாது என்று நாமே சொல்லி வளர்த்த பெண் அல்லவா அவள்? "மேடம், ரத்தம் அதிகமா போகுது" என்று சத்தமாகச் சொல்ல அவளுக்கு ஒரு ஒத்திகை வேண்டும்.

பீகாரில் 2015 முதல் 2017 வரை 'அமானத்' என்ற திட்டத்தில் 320 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்படிப் பயிற்சி நடந்தது. நர்ஸ்களுக்கு நர்ஸ்களே வழிகாட்டி. அவர்கள் வேலை பார்க்கும் அதே அறையில், அங்கிருக்கும் அதே சாமான்களோடு. நடிக்கும்போதுதான் தெரியும், அவசர மருந்து வைத்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று! முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். யார் தப்பு என்று இல்லை. என்ன நடந்தது, அடுத்த தடவை எப்படிச் செய்யலாம் என்று.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தாயாக நடிக்கும் நர்ஸ் அரை மணி நேரம் அந்தக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். தலைக்கு மேல் தன்னைப் பற்றி யார் யாரோ பேசுவதைக் கேட்கிறார். யாரும் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உறைக்கிறது. பிரசவ அறையில் திட்டு வாங்காத பெண் நம் ஊரில் எத்தனை பேர்? அந்தத் திட்டை நிறுத்தும் பாடத்தை எந்தப் புத்தகத்தை விடவும் அந்தக் கட்டில் நன்றாகச் சொல்லித்தரும்.

நம் நாட்டில் அரசும் இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. 2015-ல் டெல்லியில் 'தக்ஷ்' என்ற பெயரில் தேசியத் திறன் பயிற்சிக் கூடங்கள் தொடங்கின. 2021-ல் அரசிதழில் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் பொம்மைகளும் நடிப்புமாகிய பயிற்சி பாடத்தின் ஒரு பகுதியாகவே சேர்ந்துவிட்டது. தர்மாஸ்பத்திரிப் பெண்ணின் உடம்பில் முதல் தடவை கை வைக்கும் பழக்கத்துக்கு எழுத்து வடிவில் ஒரு முடிவு வந்திருக்கிறது என்று நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் எழுத்து வேறு, நடப்பு வேறு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நமக்குத் தெரியாதா? விலை உயர்ந்த சாமான் வந்தால் முதலில் செய்வது ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டுவது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு வெளியே வரும், மறுநாள் உள்ளே போகும். லட்சக்கணக்கில் விலையுள்ள, கண் சிமிட்டும் பொம்மை பீரோவில் இருப்பதைவிட, ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்த துணிப் பொம்மை லேபர் வார்டு மேஜையில் இருப்பது மேல். து குத்ரே 260 வருஷத்துக்கு முன் துணியும் பஞ்சும் வைத்துத்தானே செய்தார்!

ஆகவே ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் என் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இடத்தில் பொம்மை இருந்தால் சாவி யாரிடம் என்று நாளைக்கே கேளுங்கள். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிஷம் போதும். புதிதாக வந்த பெண்ணை முதலில் செய்யச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் செய்து காட்டுங்கள். சீனியர்கள் எல்லோர் முன்னும் பொம்மையிடம் தடுமாறினால் இளையவர்களுக்குப் பயம் போகும். பொம்மையே இல்லையென்றால், அளந்த சிவப்புத் தண்ணீரை ஒரு பழைய புடவையில் ஊற்றி, எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிட்டுப் பாருங்கள். அரை லிட்டரைப் பார்த்துக் கால் லிட்டர் என்று சொல்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஒரு தாயின் உயிர் அந்த வித்தியாசத்தில் போய்விடலாம்.

உறவுகளுக்கும் ஒன்று. அடுத்த முறை இப்படி ஒரு போட்டோ வந்தால், "என்ன பயிற்சி, எந்த ஆபத்துக்கு?" என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெண்ணோ மருமகளோ பிரசவத்துக்குச் சேரும்போது, "இங்கே நர்ஸ்களுக்கு இந்தப் பயிற்சி நடக்குதா சிஸ்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். ஏ.சி. அறை இருக்கிறதா என்று கேட்பதைவிட அது பயனுள்ள கேள்வி.

லேபர் வார்டில் இருப்பவர்கள் உங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயரோ, நோயாளி பெயரோ வேண்டாம். நைட் டியூட்டி முடிந்து வருகிறவர்கள் முதலில் தூங்குங்கள், பிறகு எழுதினால் போதும்.

எல்லோருக்கும் செவிலியர் தின வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வேளச்சேரி.